தேர்மீன் கிளீட்டஸ்

எங்கள் கரையில் கிளீட்டஸை நல்லவன் என்று சொல்லுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அவன் வலையில் பங்கு வைத்திருப்பவர்கள். மீதிப் பேர் பங்கு கிடைக்குமா என்று காத்திருப்பவர்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேராதவன். தூண்டிலும் கயிறும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கை ஷெர்லியை அவன் தம்பி செல்வனுக்குக் கட்டிக்கொடுத்த வகையில் அவன் எனக்கு உறவு. வேறு எந்த வகையிலும் இல்லை.

ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். பேசும்போது எதிரே நிற்பவனின் தோளில் கையைப் போட்டுக்கொள்வான். நியாயம் பேசும்போது கை இன்னும் கொஞ்சம் அழுத்தும். அவன் கையை எடுத்துவிட்டுப் போனபிறகு, என்னத்துக்குச் சம்மதித்தோம் என்று நாம் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும். நானே இரண்டு தடவை அப்படி நின்றிருக்கிறேன்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறியது. எங்கள் கரையில் அழாத வீடு இல்லை. செல்வனின் வள்ளம் தென்னந்தோப்புக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது. கிளீட்டஸுக்கு அப்போது வள்ளமே கிடையாது. ஓணத்துக்கு முன்பே அதைக் கடியப்பட்டணத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். ஆனால் நிவாரணம் கொடுக்க ஆட்கள் கேமராவோடு வந்தபோது, உடைந்த பலகைக் குவியல் ஒன்றின் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது அவன்தான். யார் வள்ளத்துப் பலகையோ. செத்துப்போனவன் பலகையாகவும் இருக்கலாம். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அவன் பெயரில் ஒரு நிறுவனம் ஒரு ஃபைபர் வள்ளம் கொடுத்தது, அவன் பெண்டாட்டி கிளாரா பெயரில் வேறொரு நிறுவனம் இன்னொன்று கொடுத்தது.

அவன் ஒருவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுக்கத் தெரிந்த ஒரே சாமான் வள்ளம்தான். டீக்கடைக்காரனுக்கு வள்ளம், கடல்தண்ணியில் கால் நனைக்காதவனுக்கு வள்ளம். அலைக்கு முன்பு எங்கள் கரையில் கிடந்ததைப்போல இரண்டு பங்கு வள்ளம் அலைக்குப் பின்பு வந்து சேர்ந்தது. இறக்கி வைக்க மணல் போதவில்லை. கடலில் மீன் இரண்டு பங்காகுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றி கெட்டவன் என்று பெயர் வந்திருக்கும்.

கிளீட்டஸுக்கு இரண்டு வள்ளத்தோடு மூன்றாவதாக ஒன்றும் கிடைத்தது. மைக்குக்கு முன்னால் நிற்கிற பழக்கம். கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு மீனவன் வேண்டும், மீனவன் என்றால் கிளீட்டஸ். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். கடலைத் தாய் என்பான், மீனைச் செல்வம் என்பான், பிறகு சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசையில் உட்காருவான்.

2009-ல் நாகர்கோவிலில் நடந்த அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே ஒரு படம் போட்டார்கள். நீலத்துடுப்புச் சூரை என்று ஒரு மீன், காளைமாடு அளவு இருக்கிறது. ஜப்பானில் ஒற்றை மீனை ஏலம் விட்டால் ஒரு வீடு கட்டுகிற விலை போகுமாம். அந்த விலைக்காக உலகமே அதைத் துரத்தித் துரத்திப் பிடித்து, அந்த இனமே ஒடுங்கிக்கொண்டு வருகிறதாம். படம் முடிந்ததும் கிளீட்டஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அந்த மீனும் ஒரு தாய்க்க பிள்ளைதானே" என்றான். "அதுக்க குஞ்சு வளருக்கு முந்தி பிடிக்கியவன் மனுசனா?"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு சால்வை போர்த்தினார்கள். எங்கள் கடலில் அந்த மீன் கிடையாது. அவன் ஆயுசில் அதைக் கண்ணால் பார்க்கப்போவதும் இல்லை. பார்க்காத மீனுக்கு அழுவதில் ஒரு சௌகரியம், அதற்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் கடலில் இருப்பது அந்த மீனின் தம்பி. கேரை என்போம். சூரை இனத்தில் பெரியது, துடுப்பு மஞ்சளாக இருக்கும். வளர்ந்த கேரையை ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. அதன் குஞ்சு முழங்கை நீளம்தான். அந்தச் சால்வையை வாங்கிக்கொண்டு வந்த அதே மாதம் கிளீட்டஸ் சுருக்குமடி வலைக்கும் ஜெனரேட்டருக்கும் பங்கு சேர்த்தான். நிலவு இல்லாத நாட்களை இங்கே இருட்டு என்று சொல்லுவோம். இருட்டில் நடுக்கடலில் ஒரு வள்ளத்தை நிறுத்தி, பெரிய பெரிய விளக்குகளைத் தண்ணீர்மேல் எரியவிட்டால் பொடிமீனெல்லாம் வெளிச்சத்துக்குக் கூடும். பொடிமீனைத் தின்னக் கேரைக்குஞ்சு கூடும். கூடியதும் சுற்றி வலையை இறக்கி, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல அடியில் இழுத்துவிட்டால் போதும். ஒன்று மிஞ்சாது.

அவ்வளவு குஞ்சை யார் தின்பது? கரையில் கொட்டிக் கிடக்கும், வாங்க ஆள் வராது. லாரி வந்து மண்வெட்டியால் அள்ளிப் போகும், கோழித்தீவனத்துக்கு. லாரியும் வராத அன்றைக்குக் குழிதோண்டி மூடினார்கள். இரண்டு மூன்று வருஷம் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரச் செலவைக் கொடுத்திருக்கும்.

என் கடைக்கு அவன் கயிறு வாங்க வந்தபோது நேராகவே கேட்டேன். "மேடையில அழுதியே, இது என்னதுடே?"

தோளில் கை வந்தது. "நான் பிடிக்கல்லண்ணா கேரளாக்காரன் பிடிப்பான் மச்சான். அவன் பிடிக்கல்லண்ணா மங்களூர்க்காரன் பிடிப்பான். நம்ம கடலுக்க மீனு நம்ம பிள்ளையளுக்கு உதவட்டுமே."

நல்ல நியாயம். எப்படியும் திருடன் வரத்தான் போகிறான் என்று தெரிந்தால் நம் வீட்டை நாமே முதலில் திருடிவிட வேண்டும். இதைச் சொன்னதும் சிரித்தான். அவனுக்குக் கோபம் வராது. மானம் உள்ளவனுக்குத்தானே கோபம் வரும்.

இனி தேர்மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தேவாலயத் திருவிழா தை மாதம். தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், அந்த வருஷத்தின் பெரிய மீனைக் கோயில் முற்றத்தில் வாழையிலை விரித்து வைப்பார்கள். அதுதான் தேர்மீன். யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆனால் தூண்டிலில் பிடித்ததாக இருக்க வேண்டும். தூண்டில் முள் மீனின் வாயிலேயே இருக்க வேண்டும். பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்து ஜெபித்ததும், பெரியவர் ஒருவர் எல்லோரும் பார்க்க அந்தத் தூண்டிலைக் கழற்றுவார். கயிறு வைத்து அளப்பார்கள். எவன் மீன் நீளமோ, மறுநாள் தேருக்கு அவன் தோள்தான் முதல் தோள். அதோடு ஒரு வருஷத்துக்குக் கடல்வாக்கும் அவனுடையது. கடலில் வருகிற சண்டைகளுக்கு, யார் எங்கே வலை இறக்கலாம், யார் கயிற்றை யார் அறுத்தது என்பதற்கெல்லாம் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. சாமியார்கூட அதில் தலையிடமாட்டார். பெரிய மீனைத் தூண்டிலில் பிடிக்கப் பொறுமை வேண்டும், பொறுமை உள்ளவனுக்கு நியாயமும் இருக்கும் என்று முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். பாவம் முன்னோர்கள்.

2007-ல் கிளீட்டஸ் வைத்த தேர்மீன் நிஜமான மீன். தூண்டிலில்தான் பிடித்தான், ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டினான், உள்ளங்கை கிழிந்து தொங்கியதை நானே பார்த்தேன். இதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் அவனைப்போல ஆகிவிடுவேன். ஆனால் அந்த ஒரு வருஷக் கடல்வாக்கு அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அவன் அதை வேறொருவனுக்கு விடவில்லை. சுருக்குமடி வந்தபிறகு வலையில் கிடைத்ததில் பெரியதை எடுத்து வாயில் ஒரு தூண்டிலைச் சொருகிக் கொண்டுவந்தான். வருஷத்துக்கு வருஷம் மீன் சிறுத்தது. முதலில் இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கிவந்தார்கள், பிறகு ஒருவன் தோளில் போட்டு வந்தான், கடைசியில் ஒரு கூடை போதுமானதாக இருந்தது. ஆனாலும் மற்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. வாக்கு அவனிடமே இருந்தது. விளக்கு வள்ளத்தைப் பற்றி யாராவது புகார் கொண்டுபோனால் அவன் தீர்ப்பு ஒரே வரிதான்: "வெளிச்சத்துக்குக் கடலுல எல்லை இல்லை."

அவன் தம்பி செல்வன் வேறு மாதிரி. தங்கை புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கும் குறை உண்டு. முன்கோபம், பிடிவாதம், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராது. தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, தூண்டில். கரையிலிருந்து தெற்கே கடலடியில் ஒரு பாறைத்திட்டு உண்டு. அதைப் பார் என்போம். மீன் ஒதுங்குகிற இடம், தூண்டில்காரனுக்கு அதுதான் வயல். விளக்கு வள்ளங்கள் பாருக்குமேல் வந்து நிற்கத் தொடங்கியபிறகு செல்வன் வெறும் வள்ளத்தோடு திரும்புகிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. 2012 கடைசியில் பஹ்ரைனிலிருந்து எங்கள் சொந்தக்காரன் ஒருவன் விசா அனுப்பினான். அங்கே அரபியின் வள்ளத்தில் கூலிக்கு மீன் பிடிக்கிற வேலை. திருவிழா முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

செல்வனுக்குப் போக மனமில்லை. ஷெர்லிக்கு அனுப்ப மனமில்லை. இனயம் ஊரிலிருந்து அப்படிப் போன ஒருவன், அந்நியக் கடலில் எல்லை தாண்டினான் என்று ஜெயிலில் கிடந்த கதை அவளுக்குத் தெரியும்.

"இந்தத் தேர்மீனு எனக்குக் கிட்டுச்சுண்ணா நான் போவல்ல மச்சான்" என்று செல்வன் கடையில் வந்து சொன்னான். "பாருக்கு மேல மட்டும் விளக்கு போடாண்டாம்ணு சொல்லுவேன். வேற எங்கயும் போட்டுட்டுப் போட்டும். பார் ஒண்ணு போதும் எனக்கு."

இவ்வளவுதான் அவன் கேட்டது. கடலையே கேட்கவில்லை.

தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலை, செல்வனின் வள்ளம் கரையேறியது. ஈரச்சாக்கால் மூடி ஒரு கேரை. சாக்கை எடுத்ததும் கிழவர்கள் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள். அந்த அளவு மீனை அவர்கள் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. தூண்டில் அதன் தாடையின் ஓரத்தில் சதையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது, அதில் கட்டிய நைலான் நரம்புக்கயிறு பல்லில் உரசி நைந்துபோயிருந்தது. ஷெர்லி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவிய போவல்ல, கேட்டியா? பஹ்ரைனும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். என் தங்கை அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

கிளீட்டஸும் வந்து பார்த்தான். மீனைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். தம்பியைக் கட்டிப்பிடித்தான். "கொள்ளாம்டே மக்கா, கொள்ளாம். அப்பன் இருந்தா கண்டு சந்தோசப்பட்டிருப்பாரு" என்றான். பிறகு கண்ணால் நீளத்தை அளந்துகொண்டு வீட்டுக்குப் போனான். அன்று மத்தியானமே ஷிஜின் என்கிற டிரைவர் பையனின் பிக்கப் வண்டியில் வடக்கே கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தான்.

"மச்சான், கேரைத் தூண்டில் ஒண்ணு தா."

"ஒரு கட்டா?"

"ஒண்ணே ஒண்ணு போதும்."

நான் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேரைத் தூண்டிலை ஒற்றையாக ஒருவனும் வாங்கியதில்லை. ஒற்றைத் தூண்டிலோடு கடலுக்குப் போக எவனுக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. தோளில் கையைப் போட வந்தான். நான் எட்டி நின்றுகொண்டேன். தூண்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கடைக்கு வந்தவனுக்குச் சாமான் இல்லை என்று நான் சொல்வதில்லை. அவன் போன கையோடு செல்வன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். செல்வன் நம்பவில்லை. "அண்ணன் அவ்வளவுக்குப் போவ மாட்டான்" என்றான்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் இரண்டு இலை விரித்தார்கள். செல்வனின் மீன் ஒன்றில். மற்றொன்றில் கிளீட்டஸின் ஆட்கள் நாலு பேர் தூக்கிவந்து கிடத்திய கேரை, செல்வனுடையதைவிட ஒரு சாண் நீளம். கூட்டம் 'ஓ'வென்றது. கருங்கல் ஊரிலிருந்து தினமும் மீன் எடுக்க வருகிற ஞானபாய் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"ஏ பிள்ளே, இதுக்குப் பெருநாளு இல்ல, எட்டாம் நாளு காரியந்தான் நடத்தணும். எண்ணைக்கோ செத்த மீனு" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்ததோடு சரி.

சாமியார் ஜெபித்து முடித்தார். பெரியவர் முதலில் செல்வனின் மீனிடம் வந்தார். தூண்டிலைக் கழற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல, கத்தி வைத்துத் தாடையைக் கீற வேண்டியதாயிற்று. பிறகு கிளீட்டஸின் மீனிடம் போனார். தலையைக் கொஞ்சம் தூக்கினார், அவ்வளவுதான். தூண்டில் நாக்கிலிருந்து வழுக்கித் தானாகவே வெளியே வந்து இலையில் விழுந்தது. பளபளவென்று புதுசு. கயிறு கிடையாது, கயிறு கட்டிய தடமும் கிடையாது. கம்பெனி பூசிய எண்ணெய்கூடத் துடைக்கவில்லை. இத்தனை வருஷம் தூண்டில் பிடித்தவனுக்கு அதை மீனின் தாடையில் கொளுவக்கூடப் பொறுமை இல்லை.

எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று ஒருவனும் சொல்ல முடியாது.

நான்தான் சத்தம்போட்டேன். "இது இண்ணைக்குக் காலத்த எனக்க கடையில வாங்கின தூண்டில். இந்த மீனு எந்தத் துறைமுகத்துல வாங்கினதுண்ணு அவனிட்ட கேளுங்க!"

கிளீட்டஸ் பதறவில்லை. கையை விரித்தான். "கடலுல கிட்டுன மீனுதானே மச்சான். மலையில இருந்தா பிடிச்சிட்டு வந்தேன்?"

எங்கேயோ ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். பிறகு முற்றமே சிரித்தது. "போட்டும், மீனு பெரிசுதானே? அளந்து பாத்துட்டு முடியுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும். அவன் மகன் கிளீட்டஸின் வலையில் வேலை செய்கிறான். அங்கே நின்ற வீடுகளை எண்ணிப்பார்த்தேன். வலையில் ஆள் இல்லாத வீடு மிகக் குறைவு. பெரியவர் சாமியாரைப் பார்த்தார், சாமியார் தேரைப் பார்த்தார். கயிற்றை எடுத்து அளந்தார்கள். கயிறு என்ன செய்யும், அதற்கு நீளம் மட்டும்தான் தெரியும்.

செல்வன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஷெர்லி அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் தேர். மத்தியானம் கோயில் வளாகத்தில் ஊர்ச் சாப்பாடு. தேர்மீன் ஊருக்குப் பொதுப் பானையில் வேகும், தோற்ற மீன் கன்னியர் மடத்துப் பானைக்குப் போகும், அதுதான் வழக்கம். கிளீட்டஸின் கேரைக் குழம்பை ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. நானும் ஷெர்லியும் செல்வனும் போகவில்லை. தேர் புறப்படுவதற்குள் ஒவ்வொருவராகச் சொறியத் தொடங்கினார்கள். முகம் செக்கச்செவேல் என்று வீங்கியது, காது சிவந்தது, தலை கிறுகிறுத்தது. முந்தின நாள் சிரித்த வாயெல்லாம் தடித்துப்போயிருந்தது. தேருக்கு முதல் தோள் கொடுத்த கிளீட்டஸ் ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வயிற்றைச் சொறிந்துகொண்டு போனதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க வேண்டியதில்லை. ரொம்பவே சந்தோஷப்பட்டேன்.

நிறையப் பேரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. சூரை இனத்து மீனை வெயிலில் போட்டுவைத்தால் அதில் ஒரு நஞ்சு ஊறும், பிறகு ஐஸ் வைத்தாலும் வேகவைத்தாலும் போகாது என்று டாக்டர் சொன்னாராம். பிக்கப் ஓட்டிய ஷிஜின் பின்னால் என்னிடம் ஒத்துக்கொண்டான். கொல்லத்தில் வாங்கிய பழைய மீன். வரும் வழியில் ஐஸ் வாங்க நிறுத்தக்கூட கிளீட்டஸ் விடவில்லை, தார்ப்பாய் மூடி வெயிலிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இத்தோடு அவன் மானம் போயிருக்க வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் போயிருக்கும். ஆனால் அன்று சாயங்காலமே, முகம் வீங்கியபடியே, அவன் கோயில் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணும் இல்ல" என்றான். "எனக்க தம்பிக்க மீனு கொஞ்சம் பழுதாப் போச்சு. அது தெரியாம பானையில கலந்துட்டாவ. அவன் வேணும்ணு செய்யல்ல. நான் அவன மன்னிச்சாச்சு. நீங்களும் அவன ஒண்ணும் சொல்லப்பிடாது, எனக்காக."

குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். செல்வனின் மீன் மடத்துப் பானைக்குப் போனது அத்தனை பேருக்கும் தெரியும். தூக்கிக்கொண்டு போனது அவர்கள் கைகள்தான். மடத்தில் ஒரு கன்னியாஸ்திரீயும் சொறியவில்லை. ஆனாலும் இரவுக்குள் ஊர் முழுக்க செல்வனின் மீன் கெட்ட மீன் ஆகிவிட்டது. நான் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். வெளியே வந்து சொல்ல ஒருவன் இல்லை. இவர்களை மந்தை என்று சொன்னால் ஆட்டுக்குக் கோபம் வரும்.

புதன்கிழமை கடல்வாக்குக் கூட்டம். கிளீட்டஸின் அந்த வருஷத்து முதல் தீர்ப்பு: தூண்டில் வள்ளங்கள் பாரில் நங்கூரம் போட்டால் சுருக்குமடி கிழிகிறது, அதனால் இருட்டு நாட்களில் தூண்டில்காரர்கள் பார்ப் பக்கம் வரக்கூடாது. கூட்டம் கேட்டுக்கொண்டது.

அன்று செல்வன் என் கடைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"மீனு தோத்ததுல வருத்தம் இல்ல மச்சான்" என்றான். "பார் போனதும் போட்டும். எனக்க மீனத் தின்னு ஆளுகளுக்கு அசுகம் வந்துண்ணு மைக்குல சொன்னானே. அந்தக் கூட்டத்துல எனக்கு மாமன் உண்டு, சித்தப்பன் உண்டு, கூட வள்ளத்துல கெடந்தவன் உண்டு. இல்லைண்ணு சொல்ல ஒரு ஆளு எந்திக்கல்ல. இனி நான் ஆருக்கிட்ட கொண்டுபோய் மீனு விப்பேன்?"

அவன் விசாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

மாசி மாதம் கிளம்பினான். வழியனுப்ப வேன் ஏற்பாடு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கிளீட்டஸ்தான். மாலை வாங்கி வந்தான். தம்பி வெளிநாடு போகிறான் என்று கோயிலில் பூசை வைத்தான். அண்ணன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் பார் என்று ஊர் மெச்சியது. அதே ஷிஜின்தான் ஓட்டினான், நானும் ஷெர்லியும் கூடப் போனோம். திருவனந்தபுரம் வரைக்கும் கிளீட்டஸ் முன் சீட்டில் உட்கார்ந்து, அரபியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தம்பிக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தான். செல்வன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். ஷெர்லி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலைய வாசலில் செல்வன் ஷெர்லியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னான். என் கையைப் பிடித்து, "அவள நோக்கிக்கோ மச்சான்" என்றான். அண்ணனிடம் வந்தபோது கிளீட்டஸ் அவனைக் கட்டிப்பிடித்து, "ஏலே மக்கா, மக்கா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ மேடைகளில் அவன் அழுது பார்த்திருக்கிறேன், எது நடிப்பு எது நிஜம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அழுதது நிஜம். மூக்கு ஒழுக, நிற்க முடியாமல் அழுதான். தம்பிமேல் அவனுக்கு உயிர். எனக்கு அவன்மேல் கடைசியாக மிச்சமிருந்த கொஞ்சம் இரக்கமும் அந்த இடத்தில்தான் செத்தது. அன்பு இல்லாதவன் இதையெல்லாம் செய்தால் புரிந்துகொள்ளலாம்.

திரும்பும்போது ஷெர்லி பின் சீட்டில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பாறசாலை வரைக்கும் கிளீட்டஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். களியக்காவிளை நெருங்கும்போது வெளியே எட்டி வானத்தைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். குரலில் இன்னும் அழுகை மிச்சமிருந்தது.

"ஷிஜினு, கொஞ்சம் வெரசலா விடு மக்கா. இண்ணைக்கு இருட்டு தொடங்குது. பாருக்குப் போவணும்."

ஷெர்லி கண்ணைத் திறந்தாள். "வண்டிய நிறுத்து" என்றாள்.

ஷிஜின் ஓரங்கட்டினான். அவள் இறங்கினாள், நான் பின்னால் இறங்கினேன். கிளீட்டஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன பிள்ளே, குடிக்க வெள்ளம் வல்லதும் வேணுமா?" என்று அக்கறையாகக் கேட்டான்.

"நாங்க பஸ்ஸுல வாறோம்" என்றாள்.

அவன் எங்களைப் பார்த்தான். இன்னொரு தடவை வானத்தைப் பார்த்தான். "சரி, பாத்து வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். வேன் வேகமாகத் தெற்கே போனது. நாங்கள் மார்த்தாண்டம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம்.